பூஜையில் வைத்த பாஸ்போர்ட்

4.10.92, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஸ்ரீவராகம் குளக்கரை எல்லாம் வழுக்கல். சாயங்காலம் சரஸ்வதி பூஜை வைத்தாயிற்று. அப்பாவின் ராமாயணம், என் ஆபீஸ் பேனா, பக்கத்தாத்துக் குழந்தையின் சிலேட். எல்லாவற்றுக்கும் மேலே தம்பி சேகரின் பாஸ்போர்ட். அம்மா வேலை. "வியாழக்கிழமை லண்டனுக்குத் திரும்பறான், தேவி பாத்துக்கட்டும்." இனி விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது.

சேகர் முகத்தில் ஈயாடவில்லை. "அதை எதுக்கும்மா வெச்சே?" லீவில் வந்ததிலிருந்தே இப்படித்தான். டெலிபோன் அடித்தால் துள்ளுகிறான். கேட்டால் சிடுசிடுப்பு.

5.10.92, திங்கள்

நவமி. இன்று எழுதக்கூடாது. எழுதாவிட்டால் பைத்தியம் பிடிக்கும். சரஸ்வதி மன்னிக்கட்டும்.

மத்தியானம் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர். கையில் உத்தரவு. அப்பா வாங்கி, பிரிக்காமலே வைத்துக்கொண்டார். "இன்னிக்கு வாசிக்கப்படாது சார். வாயால சொல்லுங்கோ."

சொன்னார். இலங்கையில் சண்டை போடும் இயக்கம், இங்கே தடை செய்தது. அதற்கு லண்டனில் சேகர் ஆள் சேர்த்துக் கொடுத்தானாம். பாஸ்போர்ட் முடக்கம். உடனே ஒப்படைக்க வேண்டும்.

அம்மா அசையவில்லை. "பூஜையில இருக்காக்கும். நாளைக்குத்தான் எடுக்க முடியும்."

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பாதி மலையாளத்தில் சொன்னார்: "பூஜை வெச்சதோ? எங்கில் இப்போ எடுக்கண்டா. நாளை காலைல வராம். பட்சே ஆளு எங்கயும் போகப்பாடில்ல, கேட்டோ." அதுவரை சேகர் எங்கும் போகக்கூடாதாம்.

போனதும் சேகரைப் பிடித்தேன். "நெஜமாடா?"

"அவா விழாவுக்குச் சமைச்சுக் கொடுத்தேன்க்கா. அவ்ளோதான்." என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பயம். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினால்? ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள். அப்பாவை ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள். என் வேலை போகும். பூஜையறை வாசலில் பாயைப் போட்டுவிட்டேன். சொந்தத் தம்பிக்குக் காவல். வெட்கக்கேடு.

6.10.92, செவ்வாய்

பாஸ்போர்ட் இருக்கிறது. வைத்தது வைத்தபடி. அழுகை வந்துவிட்டது. சந்தேகப்பட்டேனே, பாவி.

அம்மா: "பாத்தியா? தொடுவானா அவன்? நீதான் திருடனாட்டம் பாத்தே. குளத்துக்குப் போயிருப்பான், காப்பி போடு."

அதற்குள் வாசலில் எதிராத்து மாமி; நான்தான் போனேன். தம்பானூர் ஸ்டாண்டில் மகளை பஸ் ஏற்றிவிட்டு நேரே வருகிறாள். "உங்க சேகர் ராமேஸ்வரம் பஸ்ல ஏறிண்டிருந்தான். சேது ஸ்நானமா?"

நான் காத்தது பூஜையறையை. அவன் கொல்லைப்புறம் வழியாகப் போயிருக்கிறான். ராமேஸ்வரத்துக்கு அந்தண்டை இலங்கை. படகில் ஏறுகிறவனிடம் பாஸ்போர்ட் யார் கேட்கிறார்கள்? அப்போ போலீஸ் சொன்னதெல்லாம் நிஜம்.

"ஆமாம் மாமி, வேண்டுதல்," என்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

போலீஸ்காரர் வந்துவிட்டார். கூடத்தில் அப்பா குரல், பெருமையாக. "இந்தாங்கோ சார், பத்திரமா இருக்கு."

"ஆளு எவிடே?"

குளத்துக்குப் போயிருக்கான், வந்துடுவான் என்கிறாள் அம்மா. என்னைக் கூப்பிடுகிறார்கள்.