ஏரிக்கரை கம்ப்யூட்டர் பேசிய பழைய பாஷை

மார்ச் 3, திங்கள்

ஆபீஸில் புது லேப்டாப் கொடுத்தார்கள். சனியன், ஏரிக்கரை பம்ப் ஹவுஸ் கம்ப்யூட்டரோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. இங்கே உட்கார்ந்தபடி அதற்குள் நுழைந்து, தண்ணீரில் குளோரின் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஊரே குடிக்கிற தண்ணீர். என் மகன் டோபியின் கைக்குழந்தைக்குப் பால் கரைப்பதும் அதில்தான்.

திரையில் ஒரே வரி: இரண்டு பக்கமும் பேசும் முறை பொருந்தவில்லை, அந்தப் பக்கத்துக்குப் பழைய முறை மட்டுமே தெரியும். பழையதா? போன அக்டோபரில்தானே எங்கள் டெக்னீஷியன் ஆர்லன் போய் அதைப் புதுசாக்கிவிட்டு வந்தான்?

மார்ச் 4

மேலதிகாரி வெர்லினிடம் சொன்னேன். "அது கிழட்டு மெஷின், லவோன். நீதான் கொஞ்சம் எறங்கிப் போகணும்" என்றார். ஆர்லனைக் கேட்கலாமென்றால் லீவு போட்டுவிட்டு உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போயிருக்கிறான். அங்கே சிக்னல் கிடைக்காது.

என் பக்கத்தில் பழைய முறையைத் திறந்துவிட்டேன். உடனே ஓர் எச்சரிக்கை — அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரின் அடையாளம் மாறியிருக்கிறது, தொடரலாமா? இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்! 'ஆம்' என்று அடித்தேன். பாஸ்வேர்டு கொடுத்தேன். உள்ளே போயாச்சு. குளோரின் சரி, தொட்டி மட்டம் சரி.

மார்ச் 5

எல்லாம் சரி.

மார்ச் 7, வெள்ளி

எல்லாம் சரியாக இருப்பதுதான் உறுத்துகிறது. இன்று மதியம் சர்ச்சில் மீன் வறுவல் விருந்து. ஊரே வந்து தின்றது, பாத்திரம் கழுவி மாளவில்லை. ஆனால் தொட்டி மட்டம் இம்மியும் இறங்கவில்லை. நேற்றும் அதே எண், முந்தாநாளும் அதே எண்.

பயமாக இருக்கிறது. வெர்லின், திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறார். ஏரிச் சாலை வேறு பனியில் மூடிக்கிடக்கிறது.

மார்ச் 10

ஆர்லன் திரும்பி வந்ததும் பனிவண்டியில் ஏரிக்கரைக்கு அனுப்பினோம். அங்கிருந்து போன் செய்தான்.

"லவோன், நீ இவ்வளவு நாளா எதுக்குள்ள நுழைஞ்சிட்டு இருந்த?"

ஏரிக்கரைக்குள்தான், என்றேன்.

"இல்ல. நம்ம மெஷின் ஒயரை உருவி, எவனோ வேற ஒரு சின்னப் பெட்டியில சொருகியிருக்கான். நான் வச்சதில்ல இது. நீ பாத்த எண்ணெல்லாம் இது காட்டின பொய். குளோரின் பம்பு நின்னு கெடக்கு."

யார்கிட்ட பாஸ்வேர்டைக் கொடுத்தேன்? படிக்காம ஏன்டி அடிச்ச? எல்லா பம்ப் ஹவுஸுக்கும் அதே பாஸ்வேர்டுதான். மாத்திடலாம்னு ஆத்தங்கரை மெஷினுக்குப் போனேன். பாஸ்வேர்டு தவறுன்னு வருது. மறுபடி அடிச்சேன். தவறு.

மார்ச் 11

எல்லா இடத்திலும் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கையால் ஓட்டுகிறார்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்ற நோட்டீஸை வீடு வீடாக ஒட்டும் வேலை எனக்கு. முதலில் டோபி வீட்டுக்குப் போனேன். குழந்தைக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்காம்; ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மருமகள் ரெனாட்டா நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள்.

"உங்களுக்கு எப்பத்துலேருந்து சந்தேகம், அத்தை?"

வெள்ளிக்கிழமையிலிருந்து, என்றேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அசந்து தூங்கட்டும் என்று குழாய்த் தண்ணீரில் குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுத்தது நான்தான்.