கயல் ‘லா’ படிக்கிறாள்

லிவர்மோர்
மே 14, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வசந்தாவுக்கு,

ஆஸ்பத்திரியில் மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வீடியோவைப் பார்த்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் டாக்டர் சொல்வதைக் கேட்காமல் மாடிப்படி ஏறிவிடப் போகிறார், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள். இங்கே நான்தான் சமைக்கிறேன். கயல் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறாள். என் ரசத்தைத் திட்டவாவது திட்டியிருக்கலாம்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதி, படம் எடுத்து வாட்ஸப்பில் போடுகிறேன். வார்டில் எல்லார் எதிரிலும் நின்று படிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் விசேஷம். சான் ஹோசேயிலிருந்து ஸ்ரீநிவாஸும் யாமினியும் வந்திருந்தார்கள். அவர்கள் காரிலேயே நானும் போனேன். கோயில் தெருவில் ஏகப்பட்ட கார். முதுகில் காலேஜ் பெயர் எழுதிய பளபளப்பான பச்சை மேல்சட்டை போட்டுக்கொண்டு, காலேஜ் பிள்ளைகள் கையைக் காட்டிக் காட்டி வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றது யார் தெரியுமா? நம் கயல்தான்.

வியாழக்கிழமையே சொல்லியிருந்தாள், காலேஜ் குழுவுக்கு ஞாயிறு டிராஃபிக் டியூட்டி என்று. நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு ‘ம்’ கொட்டியிருக்கிறேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

பின் சீட்டிலிருந்து யாமினி, “குமார், அது நம்ம கயல் இல்ல?” என்று சந்தோஷமாகக் கேட்டார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கை வரவில்லை, வசந்தா. “இல்லைங்க, கயல் லைப்ரரில இருக்கா, எக்ஸாம்” என்றேன். என் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. கயல் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பெற்ற பெண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அவள் இல்லை என்று சொன்னேன்.

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “லெஃப்ட்ல போங்க, சார். அங்க நெறைய இடம் இருக்கு” என்றாள். தமிழில்! எத்தனை தடவை தமிழில் கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பெண், என்னை சார் என்று கூப்பிட்டு என் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்தாள். சந்நிதியில் கண்ணை மூடினால் அவள் முகம்தான் வந்தது. எனக்குச் சாமி கும்பிட மனசு வரவில்லை.

இந்தப் பொய்க்கு வயது இரண்டு என்பது உனக்குத் தெரியும். அவள் காலேஜில் சேர்ந்த புதிதில் ஒரு விழாவில் யாரோ கேட்க, கயல் லா படிக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். ஜஸ்டிஸ் என்றாலே சட்டம்தானே, இல்லாததையா சொன்னேன் என்று உன்னிடமே வாதாடினேன். “கம்யூனிட்டி காலேஜ்ல கிரிமினல் ஜஸ்டிஸ், ரெண்டு வருச அசோசியேட் டிகிரின்னு சொன்னா உங்க வாய் கோணிக்குமாங்க?” என்று கேட்டாய். கோணிக்கும் என்றுதான் பயந்தேன். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் பெரிய யுனிவர்சிட்டி, நம் வீட்டில் மட்டும் கம்யூனிட்டி காலேஜா, அதிலும் கிரிமினலா என்று கேட்டுவிடுவார்கள் என்று. தப்புப் பண்ணி மாட்டிக்கொண்ட சின்னப் பிள்ளைகளை மறுபடி வழிக்குக் கொண்டுவரும் வேலைக்குப் போகணும் என்று அவள் சொன்னபோது, அதில் என்ன சம்பளம் வரும் என்றுதான் கேட்டேன். நானெல்லாம் ஒரு அப்பன்!

நேற்று மனசு தாங்காமல் ஸ்ரீநிவாஸுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். “தெரியும் குமார். எங்க பையன் க்ரிஷும் அவளும்தான் டெய்லி டெக்ஸ்ட் பண்ணிக்கறாங்களே. நம்ம ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல எல்லாருக்குமே தெரியும். உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் யாரும் கேக்கல” என்றார். யாமினி அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுப் பேசத்தான் கேட்டிருக்கிறார். இரண்டு வருஷமாக அத்தனை பேரும் என் மானத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். நான் என்னவோ கெட்டிக்காரன் மாதிரி நடமாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை அவளுக்குப் பட்டமளிப்பு. நேற்று ராத்திரி நான் பாத்திரம் கழுவும்போது, “யூ டோன்ட் ஹாவ் டு கம். இட்ஸ் ஓகே, ரியலி” என்றாள். குரலில் குத்தல் இல்லை. நான் வெயிலில் நிற்க வேண்டாம் என்பது போலத்தான் சொன்னாள். மன்னிச்சுக்க அம்மிணி என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்ன கேட்டேன் தெரியுமா? அங்கே பார்க்கிங் கிடைக்குமா என்று கேட்டேன், வசந்தா! “ஷூர், தேர்ஸ் பார்க்கிங்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சிங்க்கில் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலை நம் வாட்ஸப் குரூப்பில் நானே எழுதிப் போட்டேன், என் மகள் கிரிமினல் ஜஸ்டிஸில் அசோசியேட் டிகிரி வாங்குகிறாள் என்று. காலேஜ் பெயரையும் முழுசாகப் போட்டேன். வாழ்த்து வந்து குவிந்தது. ஊருக்குச் சொல்வது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தெரியவில்லை. அவளிடம் சொல்வதுதான் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் வரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போவேன். அதற்குள் அவளிடம் பேசிவிட வேண்டும்.

மாமா தன் பேத்தி வக்கீலாகப் போகிறாள் என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். அவரிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை நானே கூப்பிட்டுச் சொல்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்மேல் கோபம் இருந்தாலும் இதை மட்டும் செய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. ‘யூ’ என்கிறாள், ‘ஹே’ என்கிறாள், இல்லாவிட்டால் பேசாமல் கதவைத் தட்டுகிறாள். நீ இன்று ராத்திரி எனக்குப் போன் பண்ணாதே, அவளுக்குப் பண்ணு. பேசி முடித்ததும், “அப்பாவக் கூப்பிடு கண்ணு” என்று மட்டும் சொல். நான் மாடியில்தான் இருப்பேன். எவ்வளவு மெல்லக் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கும்.

உன்
குமாரசாமி