கீரை காட்டாத பத்தியம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
4-2-1935

கர்த்தருக்குள் அன்பான சம்பந்தி அன்னத்தாய் மதினிக்கு ஸ்தோத்திரம்.

பேரன் பிறந்து மூன்று மாதமாகிறது, இன்னும் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கவில்லை. கேட்டால், உங்கள் மகள் பரிபூரணத்தால் கோவில்வரை நடக்க முடியாது என்கிறீர்கள். அங்கே வந்து பார்த்த என் மகன் சத்தியநேசன், "முகம் சோளத்தட்டை மாதிரி வெளுத்துப்போச்சும்மா, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர்ச்சியாக ஏதும் கொடுத்துவிட்டீர்களோ? அவளை இங்கே அனுப்புங்கள். பத்தியம் என்றால் என்னவென்று நான் காட்டுகிறேன்.

ஏசம்மாள்

இராஜபாளையம்
7-2-1935

மதினிக்கு அன்னத்தாய் எழுதுவது.

அஞ்சாம் வகுப்புவரை படித்தவள் நான், பத்தியம் எனக்கும் தெரியும். ஏழாம் மாதம் இங்கே கூட்டிவந்த நாள் முதல் ஒரு கீரை இலையைக்கூட அவள் கண்ணில் காட்டவில்லை. ஈரல், முட்டை, பழம் கிடையாது. வடித்த சோறும் பூண்டும் மிளகு ரசமும்தான். இரும்பு டானிக் மூன்று சீசா குடித்தும் வெளுப்பு போகவில்லை. நாக்கு புண்ணாகிச் சிவந்து கிடக்கிறது. நேற்றுப் பிள்ளையைத் தூக்கும்போது கண் இருட்டி விழப்பார்த்தாள்.

மதினி, கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. நாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அன்னத்தாய்

இராஜபாளையம்
1-3-1935

மதினி, பிழைத்துக்கொண்டாள்!

டாக்டரம்மா விரலில் ஊசி குத்தி, ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். இரும்பு குறையவில்லையாம், ரத்தம் ஊறுவதற்கு வேறொரு ஜீவசத்து வேண்டுமாம். அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லையாம். "என்ன சாப்பாடு கொடுத்திய?" என்று கேட்டார். நானும் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "நீங்க வேண்டாம்னு தள்ளுன கீரையிலயும் ஈரல்லயுந்தாம்மா அது இருக்கு" என்றார்.

தினமும் ஈரல் சாறு கொடுக்கிறேன். கூடவே டாக்டரம்மா கொடுத்த, மை போலக் கறுத்த ஒரு சத்து; ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டிலிருந்து எடுத்ததாம், உப்புக் கரிக்கிறது. பத்தாம் நாள் நாக்குப் புண் ஆறிற்று. நேற்று, "என்னம்மா, ஈரல்ல உப்பே இல்ல, ஒனக்கு நாக்கு செத்துப்போச்சா?" என்று என்னை ஏசினாள். அந்த ஏச்சைக் கேட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

என் கையால்தான் அவள் வெளுத்தாள் மதினி. மன்னியுங்கள். இனி அங்கேயே கூட்டிப்போவதானாலும் சரி.

அன்னத்தாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
4-3-1935

அன்பு மதினி,

இதை யாரிடமும் சொல்லாதீர்கள். உங்களுக்கு இளகின மனசு, பத்தியத்தைத் தளர்த்தியிருப்பீர்கள் என்று நினைத்துத்தான் அவளை அனுப்பச் சொன்னேன். இங்கே வந்திருந்தால் அந்தப் பூண்டையும் நிறுத்தியிருப்பேன். நீங்கள் அனுப்பாமல் இருந்ததே நல்லதாயிற்று. அங்கேயே இருக்கட்டும்.

நாளை மறுநாள் லெந்து நோன்பு தொடங்குகிறது. ஈரலை நிறுத்திவிடாதீர்கள். நம் சபைப் போதகர் ஐயரைக் கேட்டுவிட்டேன், அவளுக்கு விரதம் இல்லை.

சனிக்கிழமை தண்டுக்கீரையோடு வருகிறேன். ஞானஸ்நானத்தை ஈஸ்டருக்கு வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் பிள்ளையைக் கோவிலுக்கு அவளே தூக்கிவரட்டும். நாம் இரண்டு பேரும் பின்னால் நடப்போம்.

ஏசம்மாள்