தோளில் பட்ட கை

நேற்று கோயில் ஏட்டில் உங்கள் பெயரைப் பார்த்தேன். என் பெயர் இருக்கும் அதே வரியில், இரண்டு முறை.

இப்போது வந்திருக்கும் சின்னச் சாமியார் கரையான் அரித்த ஞானஸ்நான ஏடுகளைப் புதிதாகப் படியெடுக்கிறார். பூசை முடிந்து வெளியே வந்தவளைக் கூப்பிட்டு, விரித்துவைத்த பக்கத்தைக் காட்டினார். பழைய காகித வாடை மூக்கில் ஏறியது.

"அம்மா, இது நீங்கதானே? ஞானத்தகப்பன்னு ஒருத்தர் பேர் இருக்கு. ஓரத்துல கலியாணக் குறிப்பு எழுதியிருக்கு, அதுல புருஷன் பேரும் அதேதான். ஒரே பேருல ரெண்டு பேரா?"

"ஒரே ஆளுதான் சாமி" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நீங்கள் இதை யாரிடம் சொன்னாலும் பாதியை விழுங்கிவிடுவீர்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

முதல் புருஷன் காலராவில் போய், பதினெட்டு வயதில் ஆத்தா வீட்டுக்குத் திரும்பியவள் நான். கந்தர்வக்கோட்டைப் பக்கம் கன்னியாஸ்திரி அம்மாக்கள் வைத்திருந்த வைத்தியசாலையில் கட்டுத்துணி துவைக்கச் சேர்ந்தேன். நீங்கள் அங்கே கம்பவுண்டர். மருந்துப் புட்டியில் வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகக் காகிதத்தைப் பல்லுப்பல்லாக வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். "கம்பவுண்டரய்யா" என்பதற்கு மேல் உங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததற்கு ஊர் ஆயிரம் காரணம் சொன்னது. கம்பவுண்டரைப் பார்த்து மயங்கிவிட்டாள் என்பது அதில் ஒன்று. உண்மைக் காரணம் ஒரு மெழுகுவத்தி. மாதா திருநாளன்று தேருக்கு முன்னால் போகப் பெண்கள் போதவில்லை. கன்னியாஸ்திரி அம்மா ஒருவர் என் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்து, "முன்னால போ" என்றார். எனக்குப் பின்னால் நிற்கும் வேறு யாரையோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். தம்பி கலியாணத்தில் தாலி கட்டி முடியும்வரை மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தவள் நான். என்னை முன்னால் போகச் சொன்ன சாமி எது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. இரண்டு வருடம், வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வீட்டில் செப மந்திரங்கள் படித்தேன். படிக்கப் படிக்க அந்த ஆசை விசுவாசமானது. அதற்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்க வேண்டிய உபதேசியார் மனைவிக்கு அன்று பார்த்துப் பிரசவ வலி. சாமியாருக்கு அடுத்த ஊர் போக வண்டி பூட்டி நின்றது. "யாராவது ஒருத்தர் வந்து இந்தப் பெண்ணைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள்" என்றார். பெண்கள் பக்கம் பார்த்தேன். ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள், ஒருத்தி பிள்ளையைத் தூக்கினாள். அறுத்தவளைத் தொட்டு நிற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் ஊர் ஊர்தானே.

கடைசி வரிசையிலிருந்து நீங்கள் வந்தீர்கள். என் வலது தோளில் கை வைத்தீர்கள். சொட்டுச் சொட்டாக மருந்து அளக்கும் கை. மூன்று முறை தண்ணீர் ஊற்றி முடியும்வரை எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடமும் தாண்டி, ஒருநாள் ஆத்தாவிடம் வந்து நேராகவே கேட்டீர்கள். "ஒங்க மகளக் கட்டிக்க எனக்குச் சம்மதம். அவுகளுக்கும் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க." எனக்குச் சம்மதம் என்பது ஆத்தாவுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாமன்மார்தான் குதித்தார்கள். பங்குனிக்குள் முடியாவிட்டால் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள்.

தை மாதம் கோயிலில் கலியாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். புதிதாக வந்த சாமியார் அவர், பழைய ஏட்டைப் பார்த்திருக்கவில்லை. நம் இருவர் பெயரையும் படித்து, இந்தக் கலியாணத்துக்கு விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். மணியடித்து, விளக்கேற்றிக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை எழுந்து நின்றார்.

"சாமி, இவரு அந்தப் புள்ளைக்கு ஞானத்தகப்பனாச்சே. மொறை வராதே."

சாமியார் ஓலையை மடித்துவிட்டார். ஞானத்தகப்பன் மகளைக் கட்டக்கூடாது என்று வேதத்தில் ஒரு சட்டம் இருப்பதே நமக்கு அன்றுதான் தெரியும். பிறவிக் கிறிஸ்தவரான உங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. அதை வைத்து எத்தனை வருடம் உங்களைக் கேலி செய்திருக்கிறேன்!

அன்று மாலையே உபதேசியார் நம் இருவரையும் கூப்பிட்டு வழி சொன்னார். "தண்ணி ஊத்தயில கை படலைன்னா ஞானத்தகப்பன் ஆகமாட்டாராம், சட்டம் அப்படி. சாமி நாளைக்குத் தனித்தனியா விசாரிப்பாரு. படலைன்னு சொல்லிருங்க, தையிலயே தாலி கட்டிறலாம். பட்டுச்சுன்னா சாமிமாருக்கெல்லாம் மேல இருக்கிற மேற்றிராணியாருக்கு எழுதணும். அங்கிட்டு இருந்து எப்ப உத்தரவு வருமோ, வராமலே போகுமோ." நல்ல மனிதர்தான், நமக்காகத்தான் சொன்னார்.

மறுநாள் முதலில் நீங்கள் உள்ளே போனீர்கள். வெளியே வந்தபோது என்ன சொன்னீர்கள் என்று கண்ணாலேயே கேட்டேன். "ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லு" என்றுவிட்டு வைத்தியசாலைக்கு நடந்துவிட்டீர்கள். அப்போது உங்கள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சாமியார் கேட்டார்: "தண்ணீர் ஊற்றும்போது அவர் கை உன்மேல் பட்டதா?" பக்கத்தில் கோயில்பிள்ளை, வாசலில் நாலு பேர். ஆண்பிள்ளை கை பட்டது என்று ஒரு விதவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லை என்றால் பத்து நாளில் கலியாணம். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் படவில்லை என்று சொன்னால், அன்று எனக்காக யாருமே நிற்கவில்லை என்று ஆகிவிடும். அந்த ஒன்றை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"பட்டுச்சு சாமி" என்றேன். "நல்லாவே பட்டுச்சு."

மேற்றிராணியாருக்குக் கடிதம் போயிற்று. பங்குனியில் மாமன்மார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஆத்தாதான் வாசலை மறித்து நின்றாள். "தாய்மாமனக் கட்டுனா மொறைங்கிறோம். தலையில தண்ணி ஊத்தயில பக்கத்துல நின்னவரு அப்பனாம்ல! என்ன சட்டமோ போ. இருந்தாலும் எம்மக பொய் சொல்லாம நிக்கிறா. கடுதாசி வரட்டும், நீங்க போயிட்டு வாங்க." வண்டி திரும்பிப் போனது. நான் உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

உத்தரவு ஆவணியில் வந்தது. தாலி கட்டிய அன்று சாமியார் என்னைத் தனியே அழைத்து, நீங்கள் விசாரணையில் சொன்னதைச் சொன்னார். "நான் தொட்டது நெசம் சாமி. ஆனா அவ இல்லைன்னு சொன்னா, அவ சொல்றதையே எழுதிக்கங்க." நீங்கள் விழுங்கிய பாதி இதுதான்.

நேற்று எல்லாவற்றையும் கேட்ட சின்னச் சாமியார் சிரித்தார். "அந்தச் சட்டத்தையே இப்ப எடுத்துட்டாங்கம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எட்டு மாதம் காத்திருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? வீட்டுக்கு வந்து யோசித்தால், எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் என்னிடம் அந்தக் கேள்வியை யார் கேட்டிருப்பார்கள்?

கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தபோது உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது. அதனால் இதையும் எழுதிவைக்கிறேன். கட்டிலைச் சுற்றிக் கூட்டம். "அம்மா, கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி நில்லுங்க" என்றார்கள். நான் நகரவில்லை. சாமியார் தீர்த்தம் தெளித்து முடிக்கும்வரை என் கை உங்கள் வலது தோளில்தான் இருந்தது. போன இடத்தில் யாராவது விசாரித்தால், பட்டது என்று சொல்லுங்கள்.