மிக்சர் பையில் இருந்த ரப்பர் பேண்ட்

யோசப்பின்,

நீ வாசிக்க வேண்டும் என்பதால் கறுப்பு மார்க்கரில் பெரிதாக எழுதுகிறேன். பல்லேகலவுக்கு வேலைக்குப் போகிறேன். பருப்பு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கினால் போதும்.

நேற்றுக் காலை நீ இரவுக் குளிசையைப் போட்டுத் தலைசுற்றிக் கிடந்தபோது, "கண்ணு தெரியாட்டி கேக்க வேண்டியதுதானே" என்று கத்தினேன். பிழை உன்னுடையதல்ல. காலை மருந்துப் போத்தலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுப் போத்தலுக்கு இரண்டு என்று கிளினிக்கில் தெரபி மிஸ் உனக்குத் தடவிப் பார்க்கப் பழக்கினாரே. அந்த இரண்டில் ஒன்றைக் கழற்றி மிக்சர் பையைக் கட்டியது நான்தான்.

திரும்பப் போட்டுவிட்டேன். ஜெபமாலை மணியைத் தப்பாமல் எண்ணும் விரல் உனக்கு.

டக்ளஸ்

பி.கு. நானும் கண்ணை மூடிக்கொண்டு போத்தலை எடுத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு தடவை பிழைத்துவிட்டது.