அப்பாவோட ஆடின மூணு சீட்டு

மே 2006, செவ்வாய் ராத்திரி

கப்பல் கேசினோவுல சீட்டு போடற டீலர் வேலை எனக்குக் கிடைச்சும் அப்பா சரின்னு சொல்லாமலே இருந்தாரு. மீன்பிடி தடைக்காலம்ங்கறதால அப்பாவோட படகு கரையில. மத்தியானம் அவரே எதிர்ல உட்கார்ந்து, "போடு, பாக்கலாம்"னாரு.

காசுக்குப் பதிலா புளியங்கொட்டை. முதல்ல அப்பா ஒண்ணு கட்டணும். ஆளுக்கு மூணு சீட்டு. அவர் சீட்டைப் பார்த்துட்டு இன்னொண்ணு வைக்கலாம், இல்லைன்னா கட்டினதை விட்டுடணும். எனக்கு ராணி அளவுக்குக்கூட வரலைன்னா ரெண்டாவது கொட்டை அவருக்கே திரும்பிடும், முதல் கொட்டைக்கு நான் ஒண்ணு தரணும். ராணியோ அதுக்கு மேலயோ வந்தா, யார் சீட்டு பெருசோ அவங்களுக்கு ஜெயிப்பு.

காரைக்கால்மேட்டுல கூட்டாளிங்களை மிரட்டிச் சீட்டைக் கீழ போட வச்சு ஆடற மாதிரியே ஆடினாரு. கொட்டையைக் கை நிறைய அள்ளி வச்சு முறைச்சாரு. "ஒண்ணுதான் வைக்கலாம்ப்பா"ன்னு மிச்சத்தைத் தள்ளிட்டு என் சீட்டைத் திருப்பினேன். அடுத்த ஆட்டத்துல சத்தம் போட்டாரு. அப்பவும் திருப்பினேன்.

"எவ்வளவு மிரட்டினாலும் சீட்டைக் கீழ போட மாட்டியா?"

"டீலர் கீழ போடவே முடியாதுப்பா. திருப்பித்தான் காட்டணும்."

கொட்டையை எல்லாம் ஒண்ணா கூட்டி வச்சாரு. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, "கப்பலுக்குக் கொண்டுபோக இவளுக்கு நல்ல பெட்டியா ஒண்ணு வாங்கணும்"னாரு.

சாமி, அவரு நல்லா இருக்கணும்.