பேட்ச் எண் 417

ஸ்ரீபெரும்புதூர்
11-06-2025, புதன்

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

நீயும் திரிஷாவும் சுகமாயிருக்கக் கர்த்தர் துணை. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் நம் தெரு குமாரவேல் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள், இதை உடனே படி.

ஞாயிற்றுக்கிழமை திரிஷாவைப் பார்க்க வந்தபோது கொடுத்தேனே, எங்கள் கம்பெனி கோழி சாசேஜ் பாக்கெட்டுகள், அவற்றை எடுத்துப் பார். தேதிக்குக் கீழே பேட்ச் எண் 417 என்று இருந்தால் யாரும் வாயில் வைக்க வேண்டாம். அந்தச் சரக்கை எல்லாக் கடைகளிலிருந்தும் திரும்ப எடுக்கிறார்கள். லிஸ்டீரியா என்ற கிருமியாம். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சாகாது. பிள்ளைகளுக்கு ஆபத்து, கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து.

பயமாக இருக்கிறது. பதிலை அண்ணனிடமே கொடு.

கிறிஸ்டோபர்


முசரவாக்கம்
12-06-2025

திரிஷா அப்பாவுக்கு,

நான்கு பாக்கெட்டில் இரண்டு ஃப்ரிட்ஜில் இருந்தன. எண்ணை மூன்று முறை படித்தேன். 417தான். திரிஷா வாய்ப்புண்ணால் எதையும் தொடவில்லை.

மற்ற இரண்டையும் என் தங்கை வடிவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். ஏழாம் மாதம், ஆசைப்பட்டதைத் தின்னட்டும் என்று. இப்போது வாலாஜாபாத்துக்குப் போன் செய்தேன். "செவ்வாக்கிழமை பிரெட்டுல வச்சி அப்படியே சாப்ட்டேன்கா. நேத்துலேந்து ஜுரம் அடிச்சிக்கினு இருக்குது, அதனாலயா?" என்றாள். குப்பையைக் கிளறி உறையை எடுக்கச் சொன்னேன். அதே எண்.

பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். உங்கள் கடிதத்தையே டாக்டரிடம் காட்டுவேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன், அதனால் எழுதிக் கேட்கிறேன். உங்களுக்கு இது எப்போது தெரிந்தது?

ஏஞ்சல்


ஸ்ரீபெரும்புதூர்
13-06-2025

ஏஞ்சல்,

பொய் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை காலையே தெரியும். வெளியில் சொன்னால் வேலை போகும் என்று சூப்பர்வைசர் மிரட்டினார். அதைவிட, பிள்ளைக்கு நான் கொடுத்ததே விஷம் என்று தெரிந்தால் இனி வாசலில் நிற்க விடமாட்டாய் என்று பயந்தேன். உன் வீட்டில்தானே இருக்கிறது, திரிஷாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வடிவு நினைவுக்கே வரவில்லை.

வடிவும் அவள் வயிற்றுக் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

கிறிஸ்டோபர்


வாலாஜாபாத்
17-06-2025

திரிஷா அப்பாவுக்கு,

வடிவின் ரத்தத்திலும் அந்தக் கிருமிதான். ஊசி மருந்து ஏறுகிறது. ஜுரம் நேற்று இறங்கிவிட்டது. குழந்தையின் இதயத்துடிப்பை என்னையும் கேட்கவைத்தார்கள். கிருமியின் பெயர் தெரிந்து வந்ததால் உடனே மருந்து கொடுக்க முடிந்தது என்று டாக்டர் சொன்னார். பிரசவம் வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

"மாமா லெட்டர் எழுதலேன்னா என் புள்ள என்னாயிருக்கும்கா" என்று வடிவு பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. உங்களைக் காப்பாற்ற அல்ல. அவள் இப்போது அழக்கூடாது.

அவள் வீட்டுக்கு வந்த பிறகு நான் ஆள் அனுப்புகிறேன். அன்றைக்கு வாருங்கள். திங்கட்கிழமையே தெரியும் என்பதை நீங்கள்தான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன்.

ஏஞ்சல்